பைக்கில் வேலைக்குப் போவது: மிச்சம் எவ்வளவு, ஆபத்து எவ்வளவு?

"பஸ்ஸுக்கு நின்றே பாதி நாள் போகிறது. ஒரு வண்டி வாங்கிவிட்டால் நாளைக்கு எழுபது ரூபாய் பெட்ரோலோடு முடிந்துவிடும்." வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களில் பிள்ளைகள் வீட்டில் வைக்கும் வாதம் இது. வீட்டின் பதிலும் எங்கும் ஒன்றுதான்: "ரோடு இருக்கிற லட்சணத்துக்கு வண்டியெல்லாம் வேண்டாம்." பெரும்பாலும் பிள்ளைகளே ஜெயிக்கிறார்கள். அவர்கள் வாதத்தில் ஓர் எண் இருக்கிறது, பெற்றோர் வாதத்தில் பயம் மட்டும் இருக்கிறது. அந்த எண் சரியா, அந்தப் பயத்துக்கு எண் உண்டா என்று இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பதுதான் நியாயம்.

பொதுவாகப் பேசினால் முடிவு எட்டாது. சென்னையில் ஒரு வழித்தடத்தை எடுத்துக்கொள்வோம். தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூரில் வீடு, கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. போக 18 கிலோமீட்டர், வர 18. ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் 10,800 கிலோமீட்டர். இந்தத் தடத்தில் ஜி.எஸ்.டி. சாலைக்குப் பக்கத்திலேயே கடற்கரை–செங்கல்பட்டு மின்ரயில் பாதை ஓடுகிறது. மாநகரப் பேருந்தும் உண்டு. ஆகவே பைக்கை அதன் போட்டியாளர்களோடு நேருக்கு நேர் நிறுத்தலாம்.

முதலில் பணம். சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. 101 என்று கொள்வோம். 110 சி.சி. வண்டிக்கு விளம்பரம் என்ன சொன்னாலும் சிக்னலும் நெரிசலும் சேர்ந்தால் 50 கிலோமீட்டர் மைலேஜ் கிடைப்பது நல்ல கணக்கு. ஆண்டுக்கு 216 லிட்டர், ஏறக்குறைய 21,800 ரூபாய். எல்லோரும் சொல்லும் செலவு இங்கே முடிந்துவிடுகிறது. உண்மையில் இது பாதிகூட இல்லை.

ஆன்ரோடு விலை 95,000 ரூபாய் என்றும், ஆறு ஆண்டு ஓட்டி 35,000க்கு விற்பதாகவும் வைத்தால், தேய்மானம் ஆண்டுக்கு 10,000. டியூ கட்டி வாங்கியிருந்தால் வட்டியைப் பரப்பிப் போட்டு ஆண்டுக்கு 2,500. மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றி சர்வீஸ் விட்டால், ஆண்டுக்கு நான்கு முறை, தலா 1,300 வீதம் 5,200. டயர், செயின் ஸ்பிராக்கெட், பிரேக் ஷூ, பேட்டரி, பஞ்சர் எல்லாம் சேர்த்து 3,500. இன்ஷூரன்ஸ் 2,000. ஹெல்மெட், மழைக்கோட்டு 1,000. கூட்டினால் 46,000 ரூபாய். பெட்ரோல் கணக்கில் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் என்று தெரிந்தது, முழுக் கணக்கில் 4 ரூபாய் 25 காசைத் தொடுகிறது. மாதம் 1,800 என்று நினைத்திருந்தவருக்கு உண்மையில் மாதம் 3,800 ரூபாய்க்கு மேல் போகிறது. மீதி இரண்டாயிரமும் பர்ஸிலிருந்து தினமும் எடுக்காத பணம் என்பதால் கணக்கில் வருவதில்லை.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. வண்டி எப்படியும் வீட்டில் இருக்கும். கடைக்கும் கல்யாணத்துக்கும் அதுதான். பிறகு தேய்மானத்தை ஏன் வேலைக்குப் போகும் பயணத்தின் தலையில் கட்ட வேண்டும்? ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கடைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் ஓடும் வண்டி ஆண்டுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டாது, பத்துப் பன்னிரண்டு ஆண்டு நிற்கும். அதை ஆறே ஆண்டில் அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட வைத்து விற்கும் நிலைக்குக் கொண்டுவருவது வேலைக்குப் போகும் பயணம்தான். தேய்மானத்தின் பெரும்பங்கு அதன் கணக்கிலேயே சேரும்.

போட்டியாளர்களைப் பார்ப்போம். மாநகரப் பேருந்தில் மாதம் ஆயிரம் ரூபாய் பாஸ் எடுத்தால் ஆண்டுக்கு 12,000. பைக்கைவிட 34,000 குறைவு. மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது: வீட்டிலிருந்து தாம்பரம் ஸ்டேஷன் வரை நான்கு கிலோமீட்டர் பைக், அங்கே ஸ்டாண்டில் விட்டுவிட்டு ரயில். அப்போது வண்டி ஆண்டுக்கு 2,400 கிலோமீட்டர்தான் ஓடும். பெட்ரோல், சர்வீஸ், தேய்மானம் எல்லாம் குறைந்து 22,000 ரூபாய்க்குள் வரும். ஸ்டாண்டுக்கும் சீசன் டிக்கெட்டுக்குமாக மாதம் 750 ஒதுக்கினாலும் மொத்தம் 31,000. முழுப் பைக் பயணத்தைவிட 15,000 மிச்சம். பெரிய தொகை என்று சொல்ல முடியாது.

அடுத்தது நேரம். பைக்கின் உண்மையான பலம் இங்கேதான். நெரிசல் வேளையில் இந்தத் தூரத்துக்கு பைக்கில் 50 நிமிடம், பைக்கும் ரயிலுமாக 65 முதல் 70 நிமிடம், பேருந்தில் காத்திருப்பும் சேர்த்து 85 நிமிடம் என்று கொள்வோம். பேருந்தோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு 350 மணி நேரம் மிச்சம். 34,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து 350 மணி வாங்குகிறோம். மணிக்கு 97 ரூபாய். ரயிலோடு ஒப்பிட்டால் 175 மணியை 15,000க்கு வாங்குகிறோம். மணிக்கு 86 ரூபாய். மாதம் 25,000 சம்பளம் வாங்குபவரின் ஒரு மணி நேர உழைப்புக்கே 125 ரூபாய் விழுகிறது. ஆகவே பைக் வாங்குபவரை ஊதாரி என்று சொல்ல இந்தக் கணக்கு இடம் தரவில்லை. மலிவு என்று நம்பி வாங்குவது தவறு. நேரத்துக்காக வாங்குவது தவறில்லை. பணமும் நேரமும் மட்டும் தராசில் இருந்தால் பைக் பக்கம் தட்டு சற்றுத் தாழ்ந்தே இருக்கிறது.

இனி மூன்றாவது எடைக்கல். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர், அதாவது நூற்றுக்கு 44.5 பேர், இருசக்கர வாகனங்களில் போனவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு நாட்டிலேயே முதலிடம்: 64,105. உயிரிழப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்து இரண்டாவது: 17,884.

இந்தப் பெரிய எண்களைக் கேட்டு யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. அவை நாட்டின் கணக்கு. தனி ஆளுக்கு எவ்வளவு என்று பிரித்தால்தான் உறைக்கும். நாட்டில் 20 கோடி இருசக்கர வாகனங்கள் ஓடுகின்றன என்று கொஞ்சம் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,670 வண்டிக்கு ஒரு மரணம். கேட்கச் சிறியதாகத்தான் இருக்கிறது. ஓர் ஆண்டுக்கு அது சிறியதேதான். ஆனால் வேலைக்குப் போவது ஓராண்டுக் காரியமில்லை. முப்பது ஆண்டுப் பணிக்காலத்துக்கு அதே விகிதத்தைக் கூட்டினால் 90 வண்டிக்கு ஒன்று. தொண்ணூறு பேரும் பைக்கில் வந்துபோகும் ஒரு பட்டறையில், ஓய்வு பெறும் வயதுக்குள் ஒரு வண்டியின் கதை சாலையில் முடிகிறது என்று பொருள். இது சராசரி. முடிச்சூர்க்காரரோ நாளுக்கு 36 கிலோமீட்டர், அதுவும் லாரியும் ஆம்னி பஸ்ஸும் ஓடும் நெடுஞ்சாலையில் போகிறார். குடித்துவிட்டு ஓட்டுபவர்களும் நள்ளிரவில் பறப்பவர்களும் இந்தச் சராசரியை மேலே தூக்குகிறார்கள் என்பதும் உண்மை. நிதானமாக ஓட்டும் நாற்பது வயதுக்காரரின் ஆபத்து இதைவிடக் குறைவாகவே இருக்கும். எவ்வளவு குறைத்தாலும் ரயிலில் போகிறவரின் ஆபத்துக்கு அருகில் வராது.

காயங்களின் கணக்கு இன்னும் சிக்கலானது. அதே அறிக்கையில் காயமடைந்தவர்கள் 4,43,366. ஒரு மரணத்துக்கு மூன்று காயம்கூட இல்லை என்கிறது இந்தப் பதிவேடு. எந்த அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவிலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர் இதை நம்ப மாட்டார். போலீஸுக்குப் போகாத கால்முறிவுகள், சமாதானம் பேசி முடித்த மோதல்கள், தானே சறுக்கி விழுந்தவை பதிவேட்டுக்குள் வருவதில்லை. வேலைக்குப் போகிறவரின் உண்மையான செலவு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறிந்து ராடு வைத்தால் தனியார் மருத்துவமனையில் பில் லட்சங்களில் வரும். மூன்று மாதச் சம்பளமும் போகும். பத்துப் பதினைந்து ஆண்டில் ஒரு முறை இது நடந்தாலே, அதுவரை நேரமாகச் சேமித்ததில் பெரும்பகுதி கரைந்துவிடும். சராசரி என்பது புள்ளிவிவரத் துறைக்கு வசதி. ஒரு குடும்பத்துக்கு அந்தத் தொகை பூஜ்யமாக இருக்கும், இல்லாவிட்டால் முழுதாக வரும்.

"ஹெல்மெட் போட்டு, மெதுவாக ஓட்டினால் ஒன்றும் ஆகாது" என்ற வாதத்தையும் எடை போடவேண்டும். இதில் உண்மை நிறைய இருக்கிறது. தலைக்கவசம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு, விபத்தில் சிக்குபவரின் உயிரிழப்பை ஹெல்மெட் 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று கண்டது. ஆயிரத்துச் சொச்ச ரூபாய்க்கு இதைப் போலப் பலன் தரும் பொருள் சாலையில் வேறெதுவும் இல்லை. 2022இல் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029. அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள்.

42 சதவீதத்தையும் இந்த 50,029ஐயும் சேர்த்துப் பார்த்தால் வாதத்தின் எல்லையும் தெரிகிறது. அந்த 50,029 பேரும் ஹெல்மெட் அணிந்திருந்தால், 42 சதவீதக் கணக்கில் 21,000 பேர் பிழைத்திருப்பார்கள். அப்படியும் 54,000 பேர் இறந்திருப்பார்கள். மார்பிலும் வயிற்றிலும் இடுப்பிலும் விழும் அடிக்கு ஹெல்மெட்டில் மருந்தில்லை. ஸ்ட்ராப்பை மாட்டாமல் தொப்பிபோல் கவிழ்த்துக்கொள்ளும் ஹெல்மெட் போலீஸுக்குப் போதும். தலை தரையைத் தொடுமுன் அது தனியே உருண்டு போய்விடும். 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று விதி இருந்தும், சாலையோரத்தில் இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் ஓடுகளைப் பலர் இன்னும் மாட்டிக்கொண்டு போகிறார்கள்.

மெதுவாக ஓட்டுவதும் பாதி வரைக்கும்தான் காக்கும். பின்னால் வரும் லாரி மெதுவாக வருவதில்லை. மெட்ரோ வேலைக்காகப் போட்ட இரும்புத் தகடு மழையில் வழுக்கும். மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளத்தைச் சரியாக மூடியிருக்க மாட்டார்கள். மீடியன் ஓரம் மணல் படிந்திருக்கும். வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடை இரவில் கண்ணுக்குத் தெரியாது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் வேலை முடிந்து ஸ்கூட்டரில் வீடு திரும்பிய இளம் பொறியாளர் மீது அனுமதியில்லாமல் வைத்த பேனர் விழுந்தது. தடுமாறிச் சாய்ந்தவர் மீது பின்னால் வந்த லாரி ஏறியது. அவருடைய ஓட்டும் திறமைக்கும் அந்த மரணத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. காரில் இருப்பவருக்கு இதே தவறுகள் ஒரு குலுக்கலாகவோ நசுங்கிய பம்பராகவோ முடிந்துவிடும். இரண்டு சக்கரத்தில் இருப்பவருக்கு அவை உடம்பில் விழுகின்றன.

வண்டியைச் செய்பவர்களின் பங்கும் உண்டு. 2019 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்த விதி 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ்.ஸைக் கட்டாயமாக்கியது, 125 வரைக்கும் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கும் சி.பி.எஸ். இருந்தால் போதும் என்று விட்டது. ஈரச்சாலையில் சட்டென்று பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது ஏ.பி.எஸ்.தான். தினமும் மழையிலும் வெயிலிலும் வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் வாங்குவது 100, 110, 125 சி.சி. வண்டிகளை. சாலையில் அதிக நேரம் இருப்பவரைக் குறைந்த பாதுகாப்போடு அனுப்பிய விதி இது. விலை நாலைந்தாயிரம் ஏறினால் விற்பனை விழும் என்பது இதற்குச் சொல்லும் சமாதானம். 46,000 ரூபாய் ஆண்டுச் செலவுக்கு முன்னால் அந்தச் சமாதானம் நிற்கவில்லை.

விபத்துக்குப் பிறகு யார் கொடுப்பது என்ற கேள்வியிலும் பலர் ஏமாந்திருக்கிறார்கள். 75 முதல் 150 சி.சி. வரை மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 2022 ஜூனில் வைத்த ஆண்டுப் பிரீமியம் 714 ரூபாய். பெயரிலேயே இருக்கிறது: அது நாம் இடித்துவிட்ட மற்றவருக்கானது. தானே சறுக்கி விழுந்தவருக்கு அதில் ஒரு காசும் கிடையாது. 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு, ஆனால் அது உரிமையாளரே ஓட்டும்போதுதான் செல்லும். மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான் கிடைக்கும். ஆர்.சி. புத்தகம் அப்பா பெயரில் இருந்து மகன் ஓட்டினால் அந்தப் பாதுகாப்பு மகனுக்கு வராது. கால் முறிந்து மூன்று மாதம் படுத்தால் அப்பாவுக்கும் வராது. இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டால் மத்திய அரசின் இழப்பீடு 2022 ஏப்ரல் முதல் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000.

இந்த நிலையும் சும்மா வரவில்லை. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2014இல் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயமானது. அறுவை அரங்கில் உடைந்த எலும்புகளைப் பார்த்துச் சலித்த ஒருவர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்லும். தமிழ்நாட்டில் ஹெல்மெட் சட்டம் உயிர்பெற்றதும் 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் ஜூலை முதல் தேதி என்று கெடு வைத்த பிறகுதான்.

மாநில அரசின் கையிலிருந்து வந்தவையும் ஒரே திசையில் போகவில்லை. 2018 பிப்ரவரியில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க 25,000 ரூபாய் வரை மானியம். 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசப் பயணம். அதே ஆண்டு டிசம்பரில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம். முதலாவது சாலைக்குள் அனுப்பியது, இரண்டாவது சாலையிலிருந்து காப்பாற்றுகிறது, மூன்றாவது விழுந்தவரைத் தூக்குகிறது. மூன்றுமே தேவைதான். ஆனால் பெண்களுக்கான கணக்கு இதனால் அடியோடு மாறிவிட்டது. இலவசப் பேருந்தோடு ஒப்பிட்டால் ஸ்கூட்டரின் கூடுதல் செலவு 34,000 இல்லை, முழு 46,000. அதையும் மீறி ஸ்கூட்டரை எடுக்கும் பெண்கள் பலர் இருக்கிறார்கள் என்றால், இரவு எட்டு மணிக்கு மேல் நிறுத்தத்தில் தனியாக நிற்க வேண்டியிருப்பதற்கும் வராத பேருந்துக்கும் அவர்கள் கொடுக்கும் விலை அது. அதை ஆடம்பரம் என்று தள்ள யாருக்கும் உரிமையில்லை.

மின்சார ஸ்கூட்டர் வந்துவிட்டதே என்பார்கள். அது பெட்ரோல் வரியை மட்டும் மாற்றுகிறது. ஓட்டும் செலவு நிச்சயம் இறங்கும். வாங்கும் விலையிலும் பேட்டரியிலும் ஒரு பங்கு திரும்பப் போகும். லாரிக்கும் மணலுக்கும் அது எந்த எரிபொருளில் ஓடுகிறது என்பது தெரியாது.

தீர்ப்புக்கு வருவோம். ஆறேழு கிலோமீட்டருக்குள், ஊருக்குள்ளேயே, பகலில் வந்துபோகும் வேலைக்கு பைக் நியாயமான தேர்வு. தூரம் குறைவு, வேகம் குறைவு, பேருந்தால் மிச்சமாகும் பணமும் சொற்பம். நேர்மாறாக, பக்கத்திலேயே ரயில் ஓடும் தடத்தில் தினமும் முப்பது நாற்பது கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் பைக் ஓட்டுவதை நியாயப்படுத்த முடியாது. அதில் கிடைப்பது நாளுக்கு அரை மணிக்குச் சற்று மேல். அதற்காகச் சாலையில் கூடுதலாக ஓடுவது ஆண்டுக்கு 8,400 கிலோமீட்டர். ஸ்டேஷன் வரை மட்டும் வண்டி ஓட்டினால் சாலைத்தூரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. நெடுஞ்சாலை அறவே இல்லை. 15,000 ரூபாய் மிச்சத்துக்காக யாரும் மாற வேண்டாம். கை கால் முழுசாக இருப்பதற்காக மாறலாம்.

ரயிலும் இல்லை, பேருந்தும் வராது, கம்பெனி பஸ்ஸும் கிடையாது என்ற இடத்தில் பைக்தான் வழி. அங்கே தீர்ப்பு நிபந்தனைகளோடு வருகிறது. சி.சி.யைவிட பிரேக்கைப் பார்த்து வண்டி எடுங்கள், ஏ.பி.எஸ். உள்ளதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணாகாது. ஓட்டுபவர் பெயரிலேயே ஆர்.சி. இருக்கட்டும். மூன்றாம் நபர் காப்பீட்டோடு நின்றுவிடாமல் மருத்துவக் காப்பீடும் விபத்துக் காப்பீடும் தனியாக எடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட்டை ஸ்ட்ராப் மாட்டி அணியுங்கள். பின்னால் உட்காருபவருக்கும் ஒன்று வாங்குங்கள். இரவு ஷிப்ட் முடித்துக் கண் சொருகும் வேளையில் அன்று ஒரு நாள் பஸ்ஸில் வாருங்கள்.

வண்டி கேட்கும் பிள்ளைக்குப் பயத்தைப் பதிலாகச் சொல்லாதீர்கள். ஒரு தாளை எடுத்து, உங்கள் வீட்டுத் தூரத்தைப் போட்டு, இந்தக் கணக்கை இருவரும் சேர்ந்து எழுதுங்கள். ஆன்ரோடு விலைக்குக் கீழே மருத்துவக் காப்பீட்டுக்கும் நல்ல ஹெல்மெட்டுக்கும் பணம் மிஞ்சவில்லை என்றால், அந்த வண்டியை வாங்க இன்னும் பணம் சேரவில்லை என்றுதான் அர்த்தம்.